ஒரு மூச்சுக்கு எத்தனை

பெரியாஸ்பத்திரியில் கரண்டு வைக்கிற அறைக்கு
சன்னல் கிடையாது.
மேலே ஸ்பீக்கரில் ஒரு பையன் குரல்:
மூச்சை இழுங்க. பிடிங்க. அப்படியே.
இடது பக்கம் என்பதால்
நெஞ்சு உப்பினால்தான் இதயம் கொஞ்சம் விலகி நிற்குமாம்.
இதை எனக்கா சொல்லித்தர வேண்டும்?
செல்லூர் பெண்கள் குழுவில் எட்டு வருசம்
பாடிப் போனவள் நான்.
மூச்சு விட்டால் அவுட்.
இருபது வினாடி கேட்டான்,
நாற்பது கொடுத்தேன்.
"அக்கா, போதும், போதும், விடுங்க."
என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறானோ என்றிருந்தது.

அஞ்சாவது பொண்ணு நான்.
போதும்பொண்ணு என்று வைத்தார்கள்.

இருபத்தஞ்சு கரண்டு முடிந்து
முடி ஒரு விரற்கடை வளர்ந்து
தறிக்கொட்டகைக்குத் திரும்பித்
தார் சுற்ற உட்கார்ந்த மூணாம் மாசம்
இருமல்.
சளி கிடையாது. வெறும் இருமல்,
காலி டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல.
பஞ்சுத் தூசி என்றார் முதலாளி.
மழையில் நனைந்திருப்பாய் என்றாள் மாரீஸ்வரி.
தெருமுனை டாக்டர் சிவப்பு சிரப் கொடுத்தார்,
பிறகு பச்சை.
டிபிக்காக விடிகாலைச் சளி கேட்டார்கள்.
இல்லாத சளியை எங்கே போய்க் காறுவது?
எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாடிப்படி பதினாலு.
ஏழாவதில் உட்கார்ந்தேன்.
மறுவாரம் நாலாவதில்.
இருளாண்டி ஒன்றும் கேட்கவில்லை.
ராத்திரி விளக்கணைத்த பிறகு
என் முதுகில் காதை வைத்துப் படுத்திருந்தான்,
நான் தூங்கிவிட்டதாக நினைத்து.
இரண்டு பேர் வாயிலும் ஒரே வார்த்தைதான் நின்றது:
திரும்பவும்.

ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் செருகி
டாக்டரம்மா நஸ்ரின், என் மகள் வயசு,
பேனா முனையால் தொட்டுக் காட்டினாள்.
நுரையீரலின் முன்பக்கம்
பாத்ரூம் சன்னல் கண்ணாடி மாதிரி ஒரு மங்கல்.
அது ஓரிடத்தில் சட்டென்று முடிகிறது,
ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல்.
"பாருங்க, நோய் இவ்வளவு நேரா கோடு போடாது.
இது நாங்க போட்டது.
கரண்டு போன வழி."

நடுக்கோடு தெரியும், போனஸ் கோடு தெரியும்.
சுண்ணாம்பில்லாமல் எனக்குள்ளே
ஒரு கோடு கிடந்தது தெரியாது.

"அப்ப அது இல்லையா?" என்றான் இருளாண்டி.
"அது இல்லை."
"நெசமா?"
"நெசமா. உள்ளே வெந்து வீங்கியிருக்கு, அவ்வளவுதான்."

வெளியே வந்து டீ வாங்கினான்.
ஊதிக் குடிக்க எனக்கு மூச்சில்லை.
இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கி
அவனே ஆற்றினான்.
கை ஆடியதில் பாதி டீ பனகல் ரோட்டுக்கு.
வெந்துபோனதற்குச் சந்தோசப்பட்ட குடும்பம்
செல்லூரில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஸ்டீராய்டு. காலையில் எட்டு மாத்திரை, சாப்பிட்ட பிறகு.
ஒரு வாரத்தில் மூச்சு வந்தது. கூடவே
பூரி மாதிரி உப்பிய முகம்,
ராத்திரி ரெண்டு மணிக்குப் பசி,
யாரையாவது திட்ட வேண்டும்போல் ஒரு வேகம்.
(மாரீஸ்வரியைத் திட்டினேன். பாவம்.)
ஆறு, நாலு, மூணு என்று இறக்கினார்கள்.
மூணில் இருமல் மறுபடி.
மறுபடி ஆறு.
நானாக நிறுத்தக்கூடாது என்று எழுதி
அடியில் ரெண்டு கோடு போட்டிருக்கிறாள் நஸ்ரின்.
கோடு போடாமல் இருக்க முடியாது அவளால்.

இன்று காலை வைகைக் கரையில்
பள்ளிக்கூட மைதானம். பையன்கள் ஆடுகிறார்கள்.
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
உதட்டுக்குள் நானும் பாடிப் பார்த்தேன்,
கபடி கபடி கபடி
எண்ணிக்கொண்டே.
அப்போதெல்லாம் எண்ணியதே இல்லை.
எண்ணுகிறவள் பிடிபடுவாள்.
பதினொன்றில் இருமல் வந்தது.
அடக்கினேன்.
பன்னிரண்டு.

உள்ளே ஒருத்தனைக் காலைப் பிடித்து அமுக்கிவிட்டார்கள்,
நடுக்கோட்டுக்கு ரெண்டு விரல் அந்தப் பக்கம்.
மூணு பேர் மேலே கிடக்கிறார்கள்.
கை மண்ணில் நீண்டுகொண்டிருக்கிறது.
வாய் இன்னும் விடவில்லை.